விஎல்சி பிளேயருக்கு "லைசென்ஸ்" என்று 3,850 ரூபாய் வாங்கிவிட்டார்கள்: கணினிக் கடைக்குப் போகும் முன் படியுங்கள்

விஎல்சி மீடியா பிளேயர் இலவசம். அதற்கு லைசென்ஸ் கட்டணம் கிடையாது, பிரீமியம் பதிப்பு கிடையாது, வருடச் சந்தாவும் கிடையாது. இது தெரியாத என் சித்தப்பாவிடம், எங்கள் ஊர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கணினி பழுது பார்க்கும் கடை ஒன்று 3,850 ரூபாய் வாங்கியிருக்கிறது. வாங்கிய பணத்துக்கு வீடியோவும் ஓடவில்லை. முன்பு ஓடிக்கொண்டிருந்த கணினியைக் கெடுத்தும் அனுப்பியிருக்கிறார்கள். கடையின் பெயரை இங்கே போடவில்லை, புகார் போகிறது. ஆனால் இதே வேலையை வேறு ஊர்களிலும் செய்வார்கள் என்பதால், என்ன நடந்தது, உண்மையான கோளாறு எது என்பதை எழுதி வைக்கிறேன்.

கணினி இன்டெல் ஐ3, நான்காம் தலைமுறை. 4 ஜிபி ராம், விண்டோஸ் 10. தங்கையின் கல்யாண வீடியோவை ஸ்டுடியோவில் பென்டிரைவில் போட்டுக் கொடுத்தார்கள். விண்டோஸோடு வரும் பிளேயரில் போட்டால் சத்தம் மட்டும் வந்தது, படம் கறுப்பு. சில கோப்புகளுக்கு "மிஸ்ஸிங் கோடெக்" (கோடெக் என்பது சுருக்கிய வீடியோவை விரித்துக் காட்டும் மென்பொருள் பகுதி) என்று 5212-ல் முடியும் ஒரு பிழை எண் வந்தது. அவ்வளவுதான் பிரச்சினை. கணினியைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

அவர் எந்த இடத்தில் நம்பினார் என்பதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும். கடையில் இருந்தவர் அந்தப் பென்டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகி, விஎல்சியில் வீடியோவை ஓட்டிக் காட்டியிருக்கிறார். பளிச்சென்று ஓடியிருக்கிறது. "பாருங்க சார், ஃபைல்ல ஒண்ணும் தப்பு இல்ல. என்கிட்ட இருக்கிறது லைசென்ஸ் வெர்ஷன். உங்க சிஸ்டத்துல கோடெக் லைசென்ஸ் இல்ல, அதான் படம் வரல" என்றாராம். கண் முன்னால் ஓடும்போது யார் சந்தேகப்படுவார்கள்? மகள் மணமேடையில் உட்கார்ந்திருப்பதைத் திரையில் பார்த்துவிட்டு, பணத்தைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். துண்டுச் சீட்டில் எழுதியிருப்பது இது: பிளேயர் லைசென்ஸ் 1,200, கோடெக் 1,500, ஆன்டிவைரஸ் 650, சர்வீஸ் 500. மொத்தம் 3,850. கடை முத்திரை இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, தேதிகூட இல்லை.

அந்த லேப்டாப்பில் ஓடியதற்கும் லைசென்ஸுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இந்தக் காலத்தில் கல்யாண வீடியோக்களைப் பெரும்பாலும் 4கே அளவில் (3840-க்கு 2160 புள்ளிகள்) எடுக்கிறார்கள். கோப்பின் அளவைக் குறைக்க ஹெச்இவிசி முறையில் சுருக்குகிறார்கள். ஹெச் 265 என்பதும் இதுதான். நிறம் நன்றாக வர, 8 பிட்டைவிட அதிக நிறச்சாயல்களைப் பதியும் 10 பிட்டில் எடுப்பதும் உண்டு. இப்படிச் சுருக்கியதை ஓட்டும்போது விரிக்க வேண்டும், அது கனமான வேலை. புதிய பிராசஸர்களில் இதற்கென்றே தனிச் சுற்று இருக்கிறது. இன்டெல்லில் ஆறாம் தலைமுறையில்தான் 8 பிட் ஹெச்இவிசிக்கு முழுமையான வன்பொருள் வசதி வந்தது. 10 பிட்டுக்கு ஏழாம் தலைமுறையில் வந்தது. நான்காம் தலைமுறை ஐ3-யில் அந்தச் சுற்று இல்லாததால் முழு வேலையையும் பிராசஸரே மென்பொருள் வழியாகச் செய்கிறது. 4கே என்றால் திணறும்: படம் நின்று நின்று வரும், சாம்பல் நிறத்தில் இழுபடும், சத்தம் முன்னே ஓடிவிடும். கடைக்காரரின் லேப்டாப் புதியது என்பதால் ஓடியது. அவர் காட்டியது வன்பொருள் வித்தியாசத்தை, விற்றது லைசென்ஸை. தெரியாமல் செய்திருந்தால் அந்த வேலைக்கு அவர் லாயக்கில்லை. தெரிந்தே செய்திருந்தால் அது மோசடி.

விஎல்சியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1996-ல் பாரிஸ் அருகே ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடங்கிய திட்டத்திலிருந்து வந்தது. 2001 முதல் ஜிபிஎல் என்ற உரிமத்தில், நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் கூடிய திறந்த மூலமாக இருக்கிறது. இப்போது வீடியோலான் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு பார்த்துக்கொள்கிறது. வீட்டில் பயன்படுத்த யாருக்கும் ஒரு பைசா தர வேண்டியதில்லை. நிறுவிக் கொடுத்த உழைப்புக்குக் கூலி கேட்பது நியாயம். அந்த 500 ரூபாய் சர்வீஸ் கட்டணத்தோடு நின்றிருந்தால் இந்தப் பதிவே இருக்காது. ஆனால் "லைசென்ஸ் 1,200" என்பது இல்லாத பொருளுக்கு வாங்கிய பணம். "கோடெக் 1,500" என்பதும் அப்படியே. விஎல்சிக்குத் தேவையான கோடெக்குகள் அதற்குள்ளேயே இருக்கின்றன, வெளியிலிருந்து கோடெக் பேக் எதையும் அது பயன்படுத்திக்கொள்வதில்லை. விண்டோஸின் சொந்த பிளேயருக்கு மட்டும்தான் ஹெச்இவிசிக்குத் தனி நீட்டிப்பு தேவைப்படும். அதை மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலேயே விற்கிறார்கள். அமெரிக்காவில் அதன் விலை 99 சென்ட்.

நேற்று இரவு அந்தக் கணினியைத் திறந்து பார்த்தபோதுதான் எனக்கு உண்மையான ஆத்திரம் வந்தது. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலை நிறுவிய தேதி வாரியாக வரிசைப்படுத்தினால், கடைக்குப் போன அன்று என்னென்ன ஏறியது என்று தெரிந்துவிடும். விஎல்சி இருந்தது, ஆனால் 2.2 வரிசையைச் சேர்ந்த பழைய 32 பிட் பதிப்பு. 3.0 வெளிவந்ததே 2018-ல். அதற்கும் முந்தையதை எந்தப் பென்டிரைவில் வைத்திருந்தார்களோ! வன்பொருள் வசதியை இயல்பாகவே பயன்படுத்துவதும், 4கே கோப்புகளை ஒழுங்காகக் கையாளுவதும் 3.0-ல்தான் வந்தன. இடையில் வந்த பாதுகாப்புத் திருத்தங்களும் பழையதில் இல்லை. 2022-ல் வீடியோலான் தளம் இந்தியாவில் பல மாதங்கள் முடக்கப்பட்டிருந்தது, நவம்பரில் தடை நீங்கியது. எனவே அதிகாரபூர்வ தளம் திறக்கவில்லை, அதனால் வேறு இடத்திலிருந்து எடுத்தோம் என்ற சாக்கும் இப்போது செல்லாது.

அதோடு முடியவில்லை. பெயரே கேள்விப்படாத ஒரு கோடெக் பேக். பணம் கட்டச் சொல்லி நச்சரிக்கும் டிரைவர் அப்டேட்டர். உலாவியின் தேடுபொறியை மாற்றி வைத்த நீட்டிப்பு. 650 ரூபாய் வாங்கிய ஆன்டிவைரஸ் வெறும் 30 நாள் சோதனைப் பதிப்பு. விண்டோஸ் செக்யூரிட்டியில் எக்ஸ்க்ளூஷன்ஸ் பகுதியைப் பார்த்தால், டவுன்லோட்ஸ் கோப்புறையைச் சோதிக்க வேண்டாம் என்று விலக்கு போட்டிருக்கிறார்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் தடுத்த எதையோ நிறுவுவதற்காக அதன் கண்ணைக் கட்டியிருக்கிறார்கள் என்றுதான் இதற்கு அர்த்தம். எல்லாவற்றுக்கும் மேலாக, தொலைவிலிருந்து திரையை இயக்கும் செயலி ஒன்று, நிரந்தரக் கடவுச்சொல்லோடு, கணினி திறக்கும்போதே தானாகத் தொடங்கும்படி வைக்கப்பட்டிருந்தது. இந்தப் பக்கத்தில் யாரும் அனுமதி அழுத்தாமலே உள்ளே வரலாம். சித்தப்பா வங்கிக் கணக்கைத் திறப்பது இந்தக் கணினியில்தான். கேட்டால் "சர்வீஸுக்கு வசதியா இருக்கும்னு போட்டோம்" என்று பதில். இதை மன்னிக்கவே முடியாது.

படம் ஓடவில்லை என்று திரும்பப் போனவரை அவர்கள் அலைக்கழித்த விதமும் தெரிய வேண்டும். முதலில் "ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க சார்." பிறகு "பையன் வீட்டுக்கு வருவான்", யாரும் வரவில்லை. அப்புறம் "சாஃப்ட்வேருக்கெல்லாம் வாரன்டி கிடையாது." பணத்தைத் திரும்பக் கேட்டதும் பேச்சு மாறியது: "விண்டோஸ் 10 நின்னு போச்சு, அதான் பிரச்சினை. 11 போட்டுட்டா சரியாயிடும், 2,500 ஆகும்." விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது உண்மைதான். ஆனால் ஆதரவு முடிந்ததால் வீடியோ ஓடாமல் போகாது. அதைவிட முக்கியம், விண்டோஸ் 11 இன்டெல்லில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும் கேட்கும். நான்காம் தலைமுறைக் கணினியில் அதை முறைப்படி ஏற்றவே முடியாது. 3,850 ரூபாய் போதாதென்று இன்னொரு 2,500-க்குக் குறி வைத்திருக்கிறார்கள். கடைசியில் நான் போன் செய்தபோது "ஓனர் வெளியூர் போயிருக்கார்." இப்போது போனையே எடுப்பதில்லை.

சரி, இதே பிரச்சினை உங்கள் வீட்டில் வந்தால் காசில்லாமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

விஎல்சியை வீடியோலான் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். தேடுபொறியில் மேலே வரும் விளம்பர இணைப்பைத் தொடாதீர்கள். விண்டோஸ் 64 பிட் நிறுவி 40 எம்பியைச் சற்றே தாண்டும். இறக்கிய கோப்பின் மேல் வலது சொடுக்கி, பிராப்பர்ட்டீஸ், அதில் டிஜிட்டல் சிக்னேச்சர்ஸ். அங்கே வீடியோலான் என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் அழித்துவிடுங்கள். நிறுவும்போது கோப்பை எழுத முடியவில்லை என்று பிழை வந்தால், பழைய விஎல்சி பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பார்த்து மூடுங்கள். அப்படியும் வந்தால் பழையதை நீக்கி, மறுதொடக்கம் செய்து, புரோகிராம் ஃபைல்ஸில் அதன் கோப்புறை மிச்சமிருந்தால் அதையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். 32 பிட் பழையதன் மேல் 64 பிட்டை ஏற்றி, இரண்டையும் வைத்துக்கொண்டு குழம்ப வேண்டாம்.

பிறகு வீடியோவை ஓட விட்டு கண்ட்ரோலும் ஜே எழுத்தும் சேர்த்து அழுத்துங்கள். கோடெக் விவரம் வரும். ஹெச்இவிசி அல்லது ஹெச் 265 என்றும், அளவு 3840-க்கு 2160 என்றும் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. அதே சாளரத்தில் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பக்கத்தில் காட்டாமல் விடுபட்ட ஃபிரேம்களின் (வீடியோவின் தனித்தனிப் படங்களின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறதா, டாஸ்க் மேனேஜரில் பிராசஸர் 100 சதவீதத்தில் முட்டி நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து இருந்தால் கணினிக்குச் சக்தி போதவில்லை, எந்தப் பிளேயரை மாற்றினாலும் பெரிய பலன் இருக்காது. பிராசஸர் சும்மா இருந்தும் படம் தடுமாறினால் பென்டிரைவ் மெதுவாக இருக்கலாம். கோப்பைக் கணினிக்கு நகலெடுத்து ஓட்டிப் பாருங்கள். படம் பச்சையாகவோ கறுப்பாகவோ வந்தால் டூல்ஸ், பிரிஃபரென்சஸ், இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஆக்ஸலரேட்டட் டீகோடிங் என்பதை டிஸேபிள் செய்யுங்கள். கிராஃபிக்ஸ் டிரைவரோடு ஒத்துப்போகாத இடங்களில் இது சரிசெய்யும். எதையோ மாற்றிக் குழம்பிப்போனால் அதே பிரிஃபரென்சஸ் சாளரத்தின் கீழே ரீசெட் பொத்தான் இருக்கிறது.

சக்திதான் குறைவு என்றால் வழி எளிது. ஸ்டுடியோக்காரரிடம் ஹெச் 264 (ஹெச் 265-க்கு முந்தைய, எளிதாக ஓடும் சுருக்க முறை), 1080, 8 பிட் நகல் ஒன்று கேளுங்கள். மூலக் கோப்பு அவரிடம் இருப்பதால் தரமும் நன்றாக இருக்கும். அவர் தரவில்லையென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் ஃபாஸ்ட் 1080பி30 என்ற அமைப்பைத் தேர்ந்து மாற்றிக்கொள்ளலாம். பழைய ஐ3-யில் இதைச் செய்தால் மணிக்கணக்கில் இழுக்கும், புதிய கணினி வைத்திருக்கும் யாரிடமாவது கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள். மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். சித்தப்பா வீட்டு வீடியோ இப்படி மாற்றியதும் அதே ஐ3-யில் தடையில்லாமல் ஓடுகிறது. இதற்குத்தான் 3,850 ரூபாய்!

ஏற்கெனவே கடையில் கொடுத்து வாங்கியவர்கள் உடனே செய்ய வேண்டியது: அந்தத் தேதியில் ஏறிய எல்லாவற்றையும் நீக்குங்கள். முதலில் தொலை இயக்கச் செயலியை. டிஃபெண்டர் விலக்குகளை எடுத்துவிட்டு ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள், அந்தக் கணினியிலிருந்து வேண்டாம். உலாவியில் எந்தெந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுமதி போயிருக்கிறது என்றும் பாருங்கள்.

பணம் கொடுக்கும் முன் கேளுங்கள்: எந்த லைசென்ஸ், யார் பெயரில், லைசென்ஸ் சாவி எண் எங்கே. பில் தராத கடையில் கணினியை விட்டுவிட்டு வராதீர்கள். கணக்கிலிருந்து தெரியாமல் பணம் போயிருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930. சேவைக் குறைபாட்டுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான விவகாரங்களுக்கு மனுக் கட்டணம் கிடையாது. துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, நிறுவிய தேதி தெரியும் ஆப்ஸ் பட்டியலின் படம் மூன்றையும் எடுத்து வையுங்கள், எதையும் நீக்குவதற்கு முன்பே. நாங்கள் 1915-ல் பதிவு செய்கிறோம்.