பழைய துணி சரி, பழைய ஒட்டு எங்க? – ஒரு போரோ வால் ஹேங்கிங் ரிவ்யூ

டோக்கியோல பழைய கிமோனோ, பழைய துணியெல்லாம் விக்கிற ஒரு சின்ன கடைல வாங்கின போரோ இது, அதாவது ஒட்டு மேல ஒட்டு போட்டு தெச்ச ஜப்பான் துணி, சுவர்ல மாட்டுறதுக்கு. கதவுல பாதி உயரம் இருக்கும், உள்ளங்கை சைஸ்ல நிறைய ஒட்டுத்துணி, எல்லாமே அவுரி நீலத்துல வெவ்வேற ஷேடு, அது மேல வெள்ளை நூல்ல சாஷிகோ தையல். விலை 28,000 யென். அவ்ளோ காசு குடுக்கலாமானு கேட்டா தையலுக்கு தாராளமா குடுக்கலாம், அதுல தொங்கவிட்ட சீட்டுல எழுதியிருந்ததுக்காக ஒரு யென் கூட குடுக்க வேணாம்.

தையல் நிஜமாவே சூப்பர். சாஷிகோனா அடிப்படைல ஓட்டுத் தையல்தான், நீளமான ஊசில துணிய மடிச்சு மடிச்சு நாலஞ்சு தையல ஒண்ணா ஏத்தி இழுப்பாங்க, ஒவ்வொரு வரிசை முடிஞ்சதும் துணிய விரலால நல்லா நீவி விடணும், அத சோம்பேறித்தனப்பட்டு விட்டா நூல் இறுகி துணி சுருங்கிக்கும். இதுல எங்க தடவிப் பாத்தாலும் சுருக்கமே இல்ல. கீழ் மூலைல நட்சத்திர வடிவத்துல அசநோஹா டிசைன் போட்டிருக்காங்க, கோடுங்க எல்லாம் வந்து சந்திக்கிற நடுப்புள்ளில நூலுக்கு மேல நூல் ஏறவே இல்ல, குட்டியா ஒரு கேப் விட்டு அடுத்த பக்கம் தாண்டியிருக்கு. திருப்பிப் பாத்தா முடிச்சே கிடையாது, நூல் முடியிற இடத்துல வந்த வழியே ரெண்டு மூணு தையல் திரும்பப் போட்டு வெட்டியிருக்காங்க. தெரிஞ்ச கை வேலை.

இப்போ அந்த சீட்டு. நூறு வருஷப் பழைய போரோனு போட்டிருந்துச்சு. நிஜ போரோ எப்படி வந்துச்சுனா, ஜப்பானோட வடக்குல அவோமோரி பக்கம் குளிருக்கு பருத்தி விளையாது, ஜனங்க ஹெம்ப் நார்த் துணிதான் உடுத்தினாங்க, ஒசாகா பக்கத்துல இருந்து கிதாமாஏபுனேங்கற சரக்குக் கப்பல்ல வர்ற பழைய பருத்தித் துணிதான் அவங்களுக்கு பெரிய சொத்து. கிழிய கிழிய ஒட்டு மேல ஒட்டு வெச்சு, குளிர் தாங்குறதுக்காக அடுக்கு சேத்து தெச்சதுதான் போரோ. அப்போ ஒட்டு எங்க விழும்? முட்டி, முழங்கை, தோள்னு தேயிற இடத்துலதான குமியும்? இதுல என்னடான்னா அளவெடுத்த மாதிரி மூலைக்கு மூலை பரவியிருக்கு. ஒரு ஒட்டு ஓரம் லேசா தூக்கிட்டு இருந்துச்சு, உள்ள எட்டிப் பாத்தேன், அடித்துணில ஓட்டையும் இல்ல தேய்மானமும் இல்ல, நூலும் பளிச்சுனு வெள்ளை. துணி பழசு, வேலை புதுசு, அவ்ளோதான் விஷயம். அப்படியே சொல்லி வித்திருந்தாலும் நான் வாங்கியிருப்பேன், அதான் கடுப்பு.

(டோக்கியோல அசகுசா பக்கம் அம்யூஸ் மியூசியம்னு ஒண்ணு 2009ல இருந்து 2019 வரைக்கும் இருந்துச்சு, தனகா சூசபுரோ சேத்து வெச்ச நிஜ போரோவ கையாலயே தொட்டுப் பாக்க விட்டாங்க. அத தொட்டவங்கள இந்த மாதிரி சீட்டு போட்டு ஏமாத்த முடியாது.)

சின்னச் சின்ன குறையும் இருக்கு. பழைய பெட்டி வாசம் அடிக்குது, நிழல்ல காத்தாட போட்டாதான் போகும். சாயம் கைல லேசா ஒட்டுது, அதனால வெள்ளைச் சுவர்ல நேரா மாட்டாதீங்க, வெயில் படுற சுவரும் வேணாம், நீலம் வெளுத்துடும். மாட்டுறதுக்கு மேல ரெண்டே ரெண்டு காது வெச்சு தெச்சிருக்காங்க, இவ்ளோ வெயிட்டுக்கு அது பத்தாது, நடுவுல தொங்குது. பின்னாடி முழு அகலத்துக்கும் ஒரு பட்டி தெச்சு கம்பி நுழைச்சதும் சரியாயிடுச்சு.

இவ்ளோ செலவு பண்ண யோசிக்கிறவங்க ஒலிம்பஸ் கம்பெனியோட ஹனா ஃபுகின்னு சாஷிகோ போடுறதுக்குனே வர்ற சின்ன துணி வாங்கி நீங்களே தெச்சுப் பாருங்க. டிசைன் துணிலயே பிரிண்ட் ஆகி வரும், கோட்டு மேலயே தெச்சுட்டு தண்ணில அலசினா பிரிண்ட் போயிடும். சாஷிகோ நூல் மட்டும் தனியா வாங்கிக்கோங்க, எம்ப்ராய்டரி நூல் வெச்சு ஓட்டாதீங்க, சாஷிகோ நூலோட முறுக்கு அதுல வராது.