ஜப்பானில் விடைபெறுவது: முந்தின இரவு வீட்டிலா, கடைசி நிமிடம் ரயில் மேடையிலா?

மாணவர் பரிமாற்றத்தில் ஜப்பான் போய், ஒரு குடும்பத்தோடு தங்கிப் படித்தவர்களுக்குக் கிளம்பும் நேரத்தில் வரும் கேள்வி இது. என் ஓட்டு முந்தின இரவுக்குத்தான்.

ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயில் இடைநிலையங்களில் பெரும்பாலும் ஒரு நிமிடம்தான் நிற்கும். பெட்டியை ஏற்றுவதா, அந்த வீட்டு அம்மாவின் கையைப் பிடிப்பதா? வழியனுப்ப வருபவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கி மேடை வரை வரலாம். ஆனாலும் சொல்ல நினைத்ததில் பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். விமான நிலையம் இன்னும் சிரமம்: டோக்கியோ நடுப்பகுதியிலிருந்து நரிதா சுமார் 60 கிலோமீட்டர்.

வீட்டில் நேரம் இருக்கிறது. பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தனியாக நன்றி சொல்லலாம். வகுப்புத் தோழர்கள் கொடுத்த ஷிகிஷியை எல்லோருமாகச் சேர்ந்து படிக்கலாம். கெட்டி அட்டை, நடுவில் உங்கள் பெயர், அதைச் சுற்றி ஆளுக்கு நாலு வரி, சில சாய்ந்து, சில தலைகீழாக. அட்டையைத் திருப்பித் திருப்பித்தான் வாசிக்க வேண்டும். மேடையில் நின்றுகொண்டு அது முடியாது. நீங்களும் ஒரு கடிதம் எழுதி, தப்பும் தவறுமான ஜப்பானிய மொழியானாலும், வாய்விட்டு வாசியுங்கள். அழுகை வந்தால் வரட்டும்.

மேடைக்கும் ஒரு சிறப்பு உண்டு. ரயில் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்தபடி நிற்பார்கள். அந்த அன்பு வீட்டுக்குள் கிடைக்காது. முடிந்தால் இரண்டும் இருக்கட்டும். ஆனால் பேச வேண்டியதை ஸ்டேஷனுக்கென்று மிச்சம் வைக்காதீர்கள். வீட்டு முகவரியையும் லைன் என்ற அரட்டைச் செயலியின் ஐடியையும்கூட இரவே வாங்கிவிடுங்கள்.