முட்டி வலிக்கு அக்குபங்சர் ஊசியா, வீட்டுல வச்சுக்குற டென்ஸ் மெஷினா?

எங்க அம்மாவுக்கு முட்டி வலி, கூடவே இடுப்பு வலி. சின்ன வயசுலேருந்து குனிஞ்சு நடவு நட்டு, களை பறிச்ச உடம்பு. எங்க வலங்கைமான் பக்கம் எந்தத் தெருவுக்குள்ள போனாலும் அம்மா வயசுல நாலு பேரு சுவத்தப் புடிச்சுக்கிட்டுதான் எந்திரிப்பாங்க. எக்ஸ்ரே பாத்துட்டு தேய்மானம்னாங்க, ஆபரேஷனுக்கு அவசரமில்ல, தொடைக்கு எக்சர்சைஸ் பண்ணுங்க, எடை ஏறாம பாத்துக்கங்கன்னாங்க. வலி மாத்திரைய வருஷக்கணக்கா முழுங்கினா வயித்துக்கும் ஆகாது, கிட்னிக்கும் ஆகாது. அதான் கும்பகோணத்துல அக்குபங்சர் கொஞ்ச நாள் பாத்தோம், அப்பறம் டென்ஸ் மெஷின், அதாவது தோல்ல பேட் ஒட்டி லேசா கரண்ட் விடுற சின்ன மெஷின், வாங்கினோம். நான் இப்ப மெஷின் பக்கம்தான், அத மொதல்லயே சொல்லிடுறேன்.

அக்குபங்சர் மோசம்னு சொல்ல வரல. ஊசின்னதும் பயப்படுறவங்களுக்கு: இது மருந்து ஏத்துற ஊசி இல்ல, கால் மில்லிமீட்டர் கனத்துக்குத்தான் இருக்கும், குத்துறது பாதி நேரம் தெரியறதே இல்ல. குத்தி இருபது நிமிஷம் போல அப்படியே விட்டுடுவாங்க. அம்மாவுக்கு அன்னிக்கு ராத்திரி நல்ல தூக்கம் வரும், மறுநாளும் கால் லேசா இருக்கும். ஒரு ஊசிய ஒரு தடவைதான் பயன்படுத்தணும், உங்க கண்ணு முன்னாடி கவரப் பிரிச்சு எடுக்குறாங்களான்னு பாத்துக்கங்க, அவ்ளோதான்.

நம்ம ஊர்ல இன்னொரு விதமும் இருக்கு, ஊசியே இல்லாம நாடி பாத்து ஒரு புள்ளியில விரலால தொட்டுவிட்டு அனுப்புறது. அதுக்குப் போறது உங்க விருப்பம். ஆனா அந்தப் பக்கம் சிலபேரு "எல்லா மாத்திரையும் நிறுத்திடுங்க"ன்னு சொல்றாங்க பாருங்க, தயவுசெஞ்சு அத மட்டும் கேக்காதீங்க. சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரைய முட்டி வலிக்காக நிறுத்தவே கூடாது, இன்சுலின் போடுறவங்க நிறுத்தினா உசுருக்கே ஆபத்து.

அக்குபங்சர்ல எங்களுக்கு ஒத்து வராதது போயிட்டு வர்றதுதான். பஸ் காசு பிரச்சனை இல்ல, 2021லேருந்து டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. பிரச்சனை அந்தப் பஸ்ஸோட படி. கம்பியப் புடிச்சு, ஒரு கால வச்சு, இன்னொரு கால இழுத்து ஏறி, கூட்டத்துல நின்னுக்கிட்டே போயி, திரும்பி வரும்போது மறுபடி அதே படி. ஊசி போட்டு கிடைச்ச சுகத்துல பாதி பஸ் ஸ்டாண்டுலயே போயிடும். வலியும் நேரம் பாத்து வர்றதில்ல, சம்பா நடவுல ஒரு நாள் நின்னுட்டு வந்தா ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான் குடைய ஆரம்பிக்கும், மார்கழி பனியில விடிகாலையில கால் நீட்டவே முடியாது. அப்ப எந்த கிளினிக் திறந்திருக்கும்?

டென்ஸ்ங்கிறது கையடக்க மெஷின், ரெண்டு ஒயர், நாலு பேட். தோல் மேல ஒட்டி லேசா கரண்ட் விடுறது. வலிச் சேதி மூளைக்குப் போறதுக்கு முன்னாடியே தண்டுவடத்துல மறிக்கப்படுதுன்னு 1965ல மெல்சாக், வால்னு ரெண்டு பேரு சொன்ன 'கேட்' தியரிதான் இதுக்கு அடிப்படை. 80லேருந்து 100 ஹெர்ட்ஸ்ல, அதாவது செகண்டுக்கு அத்தனை துடிப்புன்னு, வச்சா சுறுசுறுன்னு இருக்கும், அம்மா மொத நாளே "எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு தம்பி, ஆனா வலி எங்க போச்சுன்னு தெரியல"ன்னாங்க. 2லேருந்து 4 ஹெர்ட்ஸ்ல வச்சா தசை மெதுவா துடிக்கும், அது ஊசி மேல கரண்ட் விடுற அக்குபங்சர் பாணி. பேனா மாதிரி 'டிக் டிக்'னு அடிக்கிற அக்குபங்சர் பென்னும் விக்கிறாங்க, புள்ளி தெரியாம அத வச்சு என்ன பண்றது, அதனால அத நாங்க வாங்கல.

ஊசி, மெஷின் ரெண்டுமே தேய்மானத்த சரி பண்ணாது, இது முக்கியம். இங்கிலாந்துல நைஸ்னு ஒரு அரசு அமைப்பு சிகிச்சை வழிகாட்டி போடும், 2022ல மூட்டுத் தேய்மானத்துக்கு அக்குபங்சரும் வேணாம், டென்ஸும் வேணாம், எக்சர்சைஸ்தான் மொதல்னு சொல்லிடுச்சு. அதே அமைப்பு 2021ல, காரணம் தெரியாத நாள்பட்ட வலிக்கு அக்குபங்சர முயற்சி பண்ணலாம், டென்ஸ் வேணாம்னு எழுதியிருக்கு. பேப்பர்ல பாத்தா ஊசி ஒரு படி மேல. இருந்தும் நான் ஏன் மெஷின் பக்கம்னா, அது ஓடுற அரை மணி நேரம் வலி அடங்குது, அந்த அரை மணியில அம்மா நாற்காலியில உக்காந்து கால நீட்டி மடக்கி எக்சர்சைஸ முடிச்சுடுறாங்க. வலிக்குதுன்னு பண்ணாம விட்டத இப்ப பண்றாங்க, எனக்கு அது போதும்.

இனி மெயின் விஷயம், பேட். வாங்குறப்ப எல்லாரும் எத்தனை மோட், எத்தனை லெவல், டிஸ்பிளே பெருசான்னுதான் பாக்குறாங்க. நாலு மாசம் கழிச்சு மெஷின் பரணுக்குப் போகுதுன்னா அதுக்குக் காரணம் மெஷின் கெட்டது இல்ல, பேட் ஒட்டாம போனதுதான். அந்த ஜெல் பேட் சாதாரணமா இருபது முப்பது தடவைதான் தாங்கும். நம்ம வீட்டுல அதுவும் தாங்காது, ஏன்னா முட்டி வலின்னா நம்ம ஆளுங்க மொதல்ல தேய்க்கிறது தைலம். அது மேல பேட் ஒட்டினா ஜெல் எண்ணெயக் குடிச்சிடும். ஓரம் கிளம்பிடும், ஒட்டியிருக்குற கொஞ்ச இடத்துல மொத்த கரண்டும் இறங்கி சுருக்குனு குத்தும், உடனே "ஐயோ ஷாக் அடிக்குது, எனக்கு வேணாம்"பாங்க. நெறைய வீட்டுல கதை இங்கதான் முடியுது.

பேட் போடுற அன்னிக்கு தைலம் மெஷினுக்கு அப்பறம்தான். தோல ஈரத்துணியால தொடச்சு நல்லா காய விட்டு ஒட்டணும். பிரிக்கும்போது மெஷின ஆஃப் பண்ணிட்டு, ஒயரப் புடிச்சு இழுக்காம ஓரத்தப் புடிச்சு உரிக்கணும், உடனே அந்த பிளாஸ்டிக் தாள்ல திரும்ப ஒட்டி கவர்ல போட்டுடணும். காஞ்சு போச்சுன்னா ஒரு சொட்டு தண்ணி விட்டு விரலால தடவி கொஞ்ச நேரம் விட்டா பசை திரும்பும், அதுவும் சில தடவைதான். ஐப்பசி அடமழையில வேற மாதிரி, நசநசன்னு வழுக்கும், அப்ப வேர்வை அடங்க ஃபேன் அடியில உக்காந்துட்டு ஒட்டுறது நல்லது. இவ்ளோ பண்டுவம் முடியாதுன்னா பிசியோதெரபில வச்சிருக்குற கருப்பு ரப்பர் பேட் வாங்கிக்கங்க, தனியா ஜெல் தடவி பட்டையால கட்டணும், கழுவிக் கழுவி ரொம்ப நாள் ஓட்டலாம். வாங்குறதுக்கு முன்னாடி கடைக்காரர்கிட்ட "அண்ணே, இதுக்கு பேட் தனியா இங்கயே கிடைக்குமா, எல்லா கம்பெனி பேட்டும் இந்தப் பின்னுல சேருமா"ன்னு கேளுங்க. அவரு முழிச்சார்னா அந்த மாடல் வேணாம்.

நாங்க பாத்தது முட்டியும் இடுப்பும் மட்டும். கழுத்து வலி, ஒத்தத் தலைவலிக்கெல்லாம் என் அனுபவத்த வச்சு முடிவு பண்ணாதீங்க. கழுத்து முன்பக்கம், நெஞ்சுக்குக் குறுக்க, புண்ணு மேல பேட் ஒட்டவே கூடாது. பேஸ்மேக்கர் வச்சவங்க கார்டியாலஜிஸ்ட கேக்காம மெஷின தொட வேணாம், ஊசியில கரண்ட் விடுறதும் அதே கணக்குதான், கரண்ட் இல்லாத வெறும் ஊசின்னா அவங்களுக்கு அதுதான் தோது. மாசமா இருக்குறவங்க, வலிப்பு உள்ளவங்களும் டாக்டர கேட்டுட்டுதான். ரொம்ப நாள் சுகர்ல பாதம் மரத்துப்போனவங்களுக்கு கரண்ட் எவ்ளோ ஏறுதுன்னே தெரியாது, தோல் வெந்துபோனாலும் உணர்ச்சி இருக்காது, அதனால அந்த எடத்துல பேட் வேணவே வேணாம்.