பழைய பித்தளை சாண்ட்லியர்: பெயிண்ட் அடிக்கிறதா, கிரிஸ்டல் மாட்டுறதா?

எங்க ஹால்ல தொங்குற எட்டு கை பித்தளை சாண்ட்லியர் கருத்துப் போய் கிடந்துச்சு, தூக்கிப் போட மனசே வரல, அதான் ரெண்டு வழியையும் யோசிச்சேன்.

ஸ்ப்ரே பெயிண்ட்னா செலவு கம்மி, மேட் பிளாக் அடிச்சா உடனே புது லுக். ஆனா பித்தளை வழவழப்பா இருக்கும், உப்புத்தாள் போட்டு தேய்ச்சு மெட்டல் பிரைமர் அடிக்காம விட்டா சீக்கிரமே உரிஞ்சிடும், ஹோல்டருக்குள்ள போகாம டேப் வேற ஒட்டணும், அப்புறம் அந்தப் பழைய நிறத்தத் திரும்பக் கொண்டுவர்றது பெரும்பாடு.

என் ஓட்டு கிரிஸ்டலுக்குத்தான்! மெயினை ஆஃப் பண்ணிட்டு புளி தொட்டு துணியால தேய்ச்சு, ஈரமில்லாம தொடச்சாலே பித்தளை பளபளன்னு ஆகிடும் (மேல லாக்கர்ங்கிற நிறமில்லாத வார்னிஷ் பூச்சு இருந்தா புளி வேலைக்காகாது). தொங்கல் மட்டும் அக்ரிலிக்ல வாங்காதீங்க, பட்டை தீட்டின கண்ணாடியில பட்டா வெளிச்சம் வானவில்லா சிதறி சுவரெல்லாம் ஜொலிக்கும், அந்த அழகே வேற. பல்பும் முக்கியம், வெள்ளை வெளேர்னு போட்டா ஆஸ்பத்திரி மாதிரி ஆயிடும், 2700 கெல்வின்ல (அதாவது இதமான மஞ்சள் வெளிச்சம்) மெழுகுவத்தி வடிவ ஃபிலமென்ட் எல்இடி (உள்ள இழை மாதிரி தெரியுறது), தெளிவான கண்ணாடி போட்டதா பார்த்து வாங்குங்க.

கண்ணாடி நல்ல கனம், சீலிங் கொக்கி தாங்குமான்னு எலக்ட்ரீஷியனை வச்சு முதல்லயே பார்த்துடுங்க.