கிரெட்டாவில் டயர், அலாய், ஷாக், ஸ்பிரிங்: வளைவில் கிடைத்தது என்ன, வேகத்தடையில் போனது என்ன

2020-இல் வந்த இரண்டாம் தலைமுறை கிரெட்டா வைத்திருக்கும் நண்பர் ஒருவர், "18 இன்ச் அலாயும் லோயரிங் ஸ்பிரிங்கும் போட்டால் மலைப்பாதையில் வண்டி சாய்வது நின்றுவிடுமா?" என்று கேட்டார். என் கிரெட்டாவில் இப்போது இருப்பவை 225/55 ஆர்17 டயர் (அகலம் 225 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 55 சதவீதம், ரிம் 17 இன்ச்), 7 ஜே அலாய் (ஜே-க்கு முன் உள்ள எண் இன்ச்சில் ரிம் அகலம்), புது ஷாக் அப்சார்பர், வண்டியை 30 மி.மீ. இறக்கும் ஸ்பிரிங். சாய்வு நிற்காது, குறையும். எது எவ்வளவு குறைக்கிறது என்பது தெரியாமல்தான் பலர் பணத்தைத் தப்பான இடத்தில் போடுகிறார்கள்.

முதலில் டயர். டாப் வேரியன்டில் வரும் 215/60 ஆர்17 டயரின் பக்கச்சுவர் 129 மி.மீ. உயரம். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் முதலில் மடங்குவது இந்தச் சுவர்; அதற்குப் பிறகுதான் பாடி சாய்கிறது. ஓட்டுபவருக்கு இரண்டும் சேர்ந்து ஒரே சாய்வாகத் தெரிகிறது. 225/55-க்கு மாறும்போது சுவர் 124 மி.மீ. ஆகிறது. மொத்த விட்டம் 690-இலிருந்து 679 மி.மீ.க்கு இறங்கும், அதாவது ஒன்றரை சதவீதம். அந்த அளவுக்கு ஸ்பீடோமீட்டர் கூடக் காட்டும், தரை இடைவெளியில் 5 மி.மீ. போகும். இதற்குக் கிடைக்கும் பலன் பெரிது: ஸ்டீயரிங்கைத் திருப்பிய கணமே முன்பக்கம் பதில் சொல்கிறது.

235/55 ஆர்17 போடலாமே என்று கடையில் சொல்வார்கள். விட்டம் அப்படியே 690, ஸ்பீடோமீட்டர் மாறாது, பார்க்கவும் அகலமாக இருக்கும். ஆனால் சுவரும் அதே 129 மி.மீ.தான். அந்த அளவுக்கு 6.5 ஜே என்பது அனுமதிக்கப்பட்ட ஆகக் குறைந்த ரிம் அகலம். ரிம்மின் உட்புறத்தில் எத்தனை ஜே என்று பொறித்திருக்கும், 6.5 என்று இருந்தால் டயர் இருபுறமும் பிதுங்கி நிற்கும், ஸ்டீயரிங் மந்தமாகும். 7.5 ஜே ரிம் வாங்குவதாக இருந்தால் மட்டும் 235-ஐ யோசியுங்கள்.

அளவைவிட ரப்பர் கலவை முக்கியம். பக்கச்சுவரில் ட்ரெட்வேர் எண் (தேய்மான மதிப்பீடு) இருக்கும். 500-க்கு மேல் இருந்தால் நீண்ட நாள் உழைக்கும், பிடிப்பு சுமார். 300-க்குப் பக்கம் இருந்தால் சீக்கிரம் தேயும், ஆனால் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மழை நாளில் அதன் அருமை தெரியும். டயர் தாங்கும் எடையைச் சொல்லும் லோடு இன்டெக்ஸ் 96-க்குக் கீழே (டயர் ஒன்றுக்கு 710 கிலோ) போகாதீர்கள். தயாரிப்புத் தேதியின் நாலு இலக்கத்தையும் பாருங்கள். 2324 என்றால் 2024-இன் 23-ஆவது வாரம்.

காற்றழுத்தத்தை டிரைவர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் தொடங்குங்கள், டயர் குளிர்ந்திருக்கும்போது. பிறகு டயரின் தோள்பகுதியிலிருந்து பக்கச்சுவர் வரை சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டுச் சில வளைவுகள் ஓட்டிப் பாருங்கள். கோடு பக்கச்சுவர் வரை அழிந்திருந்தால் டயர் மடங்கி ஓடுகிறது; 2 பிஎஸ்ஐ கூட்டுங்கள். தோளுக்கு முன்பே கோடு நின்றிருந்தால் காற்று அதிகம்.

18 இன்ச்சைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 215/55 ஆர்18 விட்டம் 694 மி.மீ., அதனால் பொருந்தும். பக்கச்சுவரும் 118-க்கு இறங்கும். ஆனால் வார்ப்பு அலாயில் ரிம் பெரிதானால் பெரும்பாலும் எடையும் கூடும், அந்த எடை ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்குகிறது. உடைந்த சாலையில் வளைவெடுக்கும்போது கனமான சக்கரம் தரையைவிட்டுத் துள்ளும். துள்ளும் டயருக்குப் பிடிப்பு ஏது? வாங்கும் முன் தராசில் வைத்து எடை பாருங்கள். ஒரிஜினலைவிடக் கனமாக இருந்தால் வேண்டாம்.

17-லேயே வேறு அலாய் மாற்றினால் 5x114.3 போல்ட் வட்டமும் 67.1 மி.மீ. நடுத்துளையும் பார்க்க வேண்டும். வெளிச்சந்தை அலாய் பலவற்றில் துளை 73.1 இருக்கும், அந்த இடைவெளியை நிரப்பும் ஹப் ரிங் போடாமல் மாட்டினால் 80, 90 கி.மீ. வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கும், எத்தனை முறை பேலன்ஸிங் செய்தாலும் போகாது. ஆஃப்செட்டில் (ஹப்பில் அமரும் தளம் ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பது) ஆசைப்படாதீர்கள். ரிம் அரை இன்ச் அகலமாகி ஆஃப்செட் 7 குறைந்தால் வெளிவிளிம்பு 13 மி.மீ.க்கு மேல் வெளியே வரும். அதன்பின் ஒவ்வொரு குழியும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும். நட்டுகளை 107 முதல் 127 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ரெஞ்சால் இறுக்கி, 100 கி.மீ. ஓட்டிய பிறகு மறுபடி சரிபார்க்க வேண்டும்.

ஷாக் மாற்றியதில் கிடைத்த நிம்மதியை நான் எதிர்பார்க்கவில்லை. சாய்வின் அளவை ஷாக் குறைப்பதில்லை, சாயும் வேகத்தைக் குறைக்கிறது. இடமும் வலமுமாக அடுத்தடுத்து வளைவு வரும்போது முதல் சாய்விலிருந்து வண்டி நிமிர்ந்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அந்த அலைச்சல்தான் பின்சீட்டில் இருப்பவரைக் குமட்ட வைக்கிறது. புது ஷாக் போட்டதும் அது போய்விட்டது. பின்னால் இரு சக்கரங்களையும் இணைக்கும் டார்ஷன் பீம் என்பதால் ஒரு சக்கரத்தில் விழும் அடி மறு சக்கரத்துக்கும் போகும். வளைவின் நடுவே ஒட்டுப்போட்ட தார் வந்தால் பின்பக்கம் அரை அடி நகர்வதுபோல் தோன்றும். நல்ல ஷாக் அதை அடக்குகிறது, அறவே நீக்குவதில்லை. ஷாக்கை எப்போதும் ஜோடியாக மாற்றுங்கள். முன்பக்கம் திறந்த கையோடு டாப் மவுன்ட் பேரிங், பம்ப் ஸ்டாப் (சஸ்பென்ஷன் முழுதாகச் சுருங்கும்போது முட்டும் ரப்பர்), லிங்க் ராடு மூன்றையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

இனி ஸ்பிரிங். வளைவில் மட்டும் மதிப்பெண் போட்டால் முதல் பரிசு இதற்குத்தான். சாய்வு கண்ணுக்குத் தெரியும் அளவு குறைந்திருக்கிறது. ஏற்காட்டின் 20 வளைவுகளையும் கார் தாழ்ந்து, ஒட்டிக்கொண்டு எடுக்கிறது. அந்தப் பாராட்டில் ஒரு சொல்லையும் திரும்பப் பெற மாட்டேன். ஆனால் தினமும் எரிச்சல் தருவதும் இதே ஸ்பிரிங்தான். 190 மி.மீ. தரை இடைவெளியில் 30 ஸ்பிரிங்குக்கு, 5 டயருக்கு, மிச்சம் 155. ஐந்து பேர் ஏறினால் இன்னும் இறங்கும். இந்திய சாலைக் காங்கிரஸின் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம், 17 மீட்டர் ஆரமுள்ள வளைவு. அப்படிக் கட்டியிருந்தால் வண்டி தொடவே தொடாது. ஊருக்கு ஊர் இருப்பவையோ ஒரு முழ அகலத்தில் குவித்த தார் மேடுகள், வெள்ளைக்கோடும் இல்லை. 2,610 மி.மீ. வீல்பேஸின் நடுவயிறு சரியாக அதில் உரசுகிறது. ஒவ்வொரு ஊரிலும் குறுக்காக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

உரசலைவிட ஆபத்தானது பம்ப் ஸ்டாப். இறக்கிய வண்டியில் ஸ்பிரிங் சுருங்க இடம் குறைவு. முழு பாரத்தோடு வளைவில் ஒரு குழி வந்தால் ரப்பரில் முட்டும், அந்தக் கணத்தில் சஸ்பென்ஷன் கல்லாகிவிடும். முன்பக்கம் முட்டினால் வண்டி நேராக வழுக்கும், பின்பக்கம் முட்டினால் வால் சுழலும். இன்னொன்று: முன்பக்க மெக்ஃபர்சன் சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை) கிடைமட்டத்தைத் தாண்டி மேல்நோக்கிப் போனால், வண்டி சுருங்கச் சுருங்க வெளிச்சக்கரத்தின் தலை வெளியே சாயும், டயர் ஓரத்தில் நிற்கும். 40 மி.மீ. இறக்கும் செட் விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 30-ஐத் தாண்டவே தாண்டாதீர்கள்.

பொருத்தும்போது ஒரே ஒரு விஷயத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். லோயர் ஆர்மின் புஷ் (ரப்பர் மூட்டு) போல்ட்டை வண்டி லிஃப்ட்டில் தொங்கும்போது முழுதாக இறுக்கக் கூடாது. அப்படி இறுக்கினால் இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நிற்கும், சில மாதங்களில் கிழியும், பழி ஸ்பிரிங் மேல் விழும். சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கும் நிலையில்தான் கடைசி இறுக்கு. ஸ்பிரிங் அமர 400, 500 கி.மீ. ஆகும், அதன்பின் அலைன்மென்ட்டை மறுபடி பார்க்க வேண்டும். ஸ்டீயரிங்கைச் சக்கரங்களோடு இணைக்கும் இரண்டு டை ராடையும் சமமாகத் திருப்பச் சொல்லுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி, எல்லாம் சரி என்று பச்சை அறிக்கை கொடுத்து அனுப்பும் கடைகள் உண்டு. ஸ்டீயரிங் கோணலாக நிற்கும், வண்டி சறுக்காமல் காக்கும் இஎஸ்சி-யும் வண்டி திரும்புவதாக நினைத்துக்கொள்ளும். ஸ்டீயரிங் ஆங்கிள் சென்சாரை ஸ்கேனர் வைத்து அளவுதிருத்தம் செய்யச் சொல்லுங்கள்.

நண்பருக்கு என் பதில்: அலைன்மென்ட், புஷ் சோதனை, டயர், ஷாக். அத்தோடு நிறுத்துங்கள். அடுத்த சர்வீஸில் நான் ஒரிஜினல் ஸ்பிரிங்குக்குத் திரும்புகிறேன். வளைவில் கொஞ்சம் இழப்பேன், தெரியும், இழக்க வருத்தமும் உண்டு. யாராவது இதைப் படித்த பிறகும் ஸ்பிரிங் போடப் போகிறீர்கள் என்றால், கழற்றியதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். முன், பின், இடம், வலம் என்று எழுதி ஒட்டி, ரப்பர் இருக்கைகளோடு சேர்த்துக் கட்டி வையுங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கும் மாற்றத்தைப் பற்றி எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.