பழைய சாகாவின் மீட்டர் விளக்குகள்: டெஸ்ட் லேம்பா, மல்டிமீட்டரா?

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் 1985இல் வந்த முதல் புரோட்டான் சாகா காரையும், அதற்கு மூத்த டட்சன் 120ஒய்யையும் இன்னும் ஆசையாக வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்குத் தீராத தலைவலி டாஷ்போர்டில் உள்ள மீட்டர் விளக்குகள்தான். சாவியைத் திருப்பினால் ஆயில் விளக்கு எரியாது, எரிந்தால் அணையாது, சிக்னல் போட்டால் சம்பந்தமில்லாத விளக்கும் கூடவே மினுக்கும். கோளாறைத் தேட, ஊசி முனையும் கிளிப்பும் பல்பும் கொண்ட டெஸ்ட் லேம்ப் வாங்கலாம், வோல்ட்டை எண்ணாகக் காட்டும் மல்டிமீட்டரும் வாங்கலாம். இந்தக் கார்களுக்கு முதலில் கையில் இருக்க வேண்டியது டெஸ்ட் லேம்ப் என்பேன். மல்டிமீட்டர் அதை வெல்கிற இடங்கள் இரண்டு.

பழைய வயரைத் தோல் உரித்துப் பார்த்தால் காரணம் விளங்கும். ஈரத்தில் செம்பு பச்சை பூத்து, பத்துப் பதினைந்து இழைகளில் ஒன்றிரண்டுதான் மிஞ்சியிருக்கும். செம்பனைக் காட்டை ஒட்டிய வீடென்றால் எலி கடித்த வயர் வேறு. அந்த ஒற்றை இழையில் மல்டிமீட்டரை வைத்தால் 12 வோல்ட் என்று காட்டும். அது கரண்டை இழுப்பதே இல்லை, அதனால் இழை ஒன்று போதும். மிஞ்சிய இழையும் பச்சை பூத்திருந்தால் பல்புக்கு அது போதாது. டெஸ்ட் லேம்புக்குள் இருப்பதும் பல்புதான்; கரண்டு வேண்டிய அளவு வராவிட்டால் மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். வோல்ட் சரியாக இருக்கிறது என்று நம்பி நல்ல பல்புகளை மாற்றிக்கொண்டே இருப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

எர்த்துக்கும் இதே கதை. டெஸ்ட் லேம்பின் கிளிப்பை பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, முனையை மீட்டர் பெட்டியின் எர்த் வயரில் தொடுங்கள். பளிச்சென்று எரிந்தால் எர்த் நல்லது. மல்டிமீட்டரிலும் பார்க்கலாம்: விளக்குகளைப் போட்டுவிட்டு, எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே அளந்தால் 0.2 வோல்ட்டைத் தாண்டக்கூடாது. விளக்கை அணைத்துவிட்டு அளந்தால் எந்த எர்த்தும் நல்ல எர்த்தாகத்தான் தெரியும்.

ஆயில் விளக்குக்கு இரண்டு கருவியுமே வேண்டாம். இன்ஜினை நிறுத்தி சாவியை மட்டும் போட்டு, இன்ஜினில் உள்ள ஆயில் அழுத்த சுவிட்சின் வயரைக் கழற்றி இன்ஜின் இரும்பில் தொட்டால் விளக்கு எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். இரண்டும் நடந்தால் வயரும் பல்பும் சரி, சுவிட்சைப் பாருங்கள். ஆனால் இன்ஜின் ஓடும்போது இந்த விளக்கு எரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள். ஆயில் அளவு குறையாமல் இருந்தாலும், பொமன் (மெக்கானிக்) உண்மையான அழுத்தமானியை மாட்டிப் பார்க்கும் வரை வண்டியை ஓட்டாதீர்கள். சுவிட்ச் மலிவானது. இன்ஜின் அப்படியல்ல.

மல்டிமீட்டர் வெல்கிற முதல் இடம் பேட்டரி விளக்கு. இந்த பல்பின் ஒரு பக்கம் சாவியிலிருந்தும் மறுபக்கம் பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரிலிருந்தும் வருகிறது. இன்ஜின் ஓடி இரு பக்கமும் வோல்ட் சமமானால் பல்பு அணையும். லேசாக மினுக்கிக்கொண்டே இருந்தால் எங்கோ ஒரு வித்தியாசம் மிச்சமிருக்கிறது: மோசமான இணைப்பாகவோ, ஆல்டர்னேட்டருக்குள் பழுதான டயோடாகவோ இருக்கலாம். இங்கே எண் தெரிந்தாக வேண்டும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்; இன்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.4. டெஸ்ட் லேம்ப் 12க்கும் 14க்கும் ஒரே மாதிரிதான் எரியும். இந்த ஒரு விளக்குக்கு மட்டும் எல்இடி போடாதீர்கள். பல ஆல்டர்னேட்டர்கள் சார்ஜ் தொடங்க இந்த பல்பு வழியே வரும் கரண்டைத்தான் நம்பியிருக்கின்றன. எல்இடி விடும் கரண்டு அதற்குப் போதாமல் போகலாம். மற்ற விளக்குகளுக்கு எல்இடி பரவாயில்லை. எரியாவிட்டால் திருப்பிப் போட்டுப் பாருங்கள், அதற்கு பாசிட்டிவ், நெகட்டிவ் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இடம் மீட்டர் பெட்டியின் முதுகு. அங்கே வயர் கிடையாது. மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புத் தடங்கள். டெஸ்ட் லேம்பின் ஊசி முனை அதைக் கிழித்துவிடும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை பீப் சத்தத்தில் வைத்து ஒவ்வொரு தடத்தின் இரு முனையையும் மெதுவாகத் தொடுங்கள். சத்தம் வராத தடம் அறுந்தது. பல்பு உட்காரும் இடம் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் தேய்த்தாலே பாதி விளக்குகள் உயிர் பெறும்.

இன்ஜெக்‌ஷன் இன்ஜினும் ஏர்பேக்கும் உள்ள பிந்திய கார்களில் டெஸ்ட் லேம்பைக் கண்ட வயரில் குத்தவே கூடாது.

தாள் சரிசெய்ய முடியாமல் கிழிந்திருந்தால்தான் பழைய கார் பாகங்கள் விற்கும் பொத்தோங் கடைக்குப் போக வேண்டும். மல்டிமீட்டரைக் கையோடு எடுத்துப்போய், காசு கொடுக்குமுன் அங்கேயே தடங்களைச் சோதித்துவிடுங்கள். அந்தப் பெட்டியோடு வேறொரு காரின் கிலோமீட்டர் கணக்கும் சேர்ந்து வருகிறது. உங்கள் பழைய கணக்கைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நாளை வண்டியை வாங்குபவருக்குக் காட்ட வேண்டியிருக்கும்.