நான்கு மிரர்லெஸ் சிஸ்டம், ஒரு லென்ஸ் கணக்கு

கேமரா வாங்கப் போகிறேன், எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மூன்று லென்ஸ் வாங்குவதாக இருக்கிறீர்கள் என்பதுதான். பெரும்பாலும் பதில் வராது. பாடியைப் பற்றி, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவைப் பற்றி, எல்லாம் தெரிந்து வைத்திருப்பார்கள், எத்தனை மெகாபிக்சல், நொடிக்கு எத்தனை படம், வீடியோவில் என்னென்ன வசதி என்று மூச்சுவிடாமல் சொல்வார்கள். ஆனால் பாடி புது மாடல் வந்ததும் விலை இறங்கிவிடும், மூன்று நான்கு வருடத்தில் மாற்றியும் விடுவோம். லென்ஸ் அப்படியில்லை. நல்ல லென்ஸ் பத்து வருடம் உழைக்கும், அது அந்த மவுண்டோடு, அதாவது பாடியில் லென்ஸ் மாட்டும் வாயோடு, நம்மைக் கட்டியும் போட்டுவிடும். அதனால் சோனி, கேனன், நிக்கான், ஃபூஜி நான்கின் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்களையும் லென்ஸ் விலையை வைத்தே இங்கே பார்க்கப் போகிறேன்.

நான் எடுப்பது கோயில் திருவிழா, கல்யாணம், கொஞ்சம் தெருப் படங்கள். கையில் இருப்பது சோனி. மற்ற மூன்றையும் கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் கூடப் படம் எடுக்கும் நண்பர்களிடம் வாங்கி, வேலை செய்யும் இடத்திலேயே பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். பகல் வெளிச்சத்தில் மலையும் கடலும் எடுப்பவருக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாது.

முதலில் வெளிச்சம். தைப்பூசத்துக்காக இரவில் கோலாலம்பூர் ஜாலான் துன் எச்.எஸ். லீ மாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் பத்துமலைக்குப் புறப்படும்போது என்ன வெளிச்சம் இருக்கிறது? ரதத்தின் விளக்கு, தெரு விளக்கு, அவ்வளவுதான். ஆட்கள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், ஷட்டர் வேகம் குறைந்தது 1/200 நொடி வேண்டும். எஃப் 2.8 லென்ஸில் (எஃப் எண் சிறிதானால் வெளிச்சம் அதிகம் புகும்) ஐஎஸ்ஓ, அதாவது சென்சாரின் வெளிச்ச உணர்வு, 6400-இல் முகம் ஓரளவு சுத்தமாக விழும் இடத்தில், எஃப் 7.1 வரை சுருங்கும் கிட் ஜூம் (பாடியோடு சேர்த்து விற்கும் லென்ஸ்) போட்டால் அதே படத்துக்கு ஐஎஸ்ஓ சுமார் 40,000 ஆகிவிடும். எந்த பாடியாக இருந்தாலும் அந்த இடத்தில் முகத்தில் புள்ளி புள்ளியாகத் தெரியும், திருநீற்றுக் கோடு தோலோடு கலந்து மங்கிவிடும். இதனால்தான் எஃப் 2.8 ஜூம் மூன்றும், அதாவது அகலம், நடு, டெலி (தூரத்துக்கு), என்ன விலைக்குக் கிடைக்கிறது என்பதை வைத்து நான் சிஸ்டத்தை எடைபோடுகிறேன்.

கீழே சொல்வதெல்லாம் அந்தந்த லென்ஸ் வெளிவந்தபோது அமெரிக்காவில் அறிவித்த விலை. மலேசிய வெள்ளியில் (ரிங்கிட்டில்) சொன்னால் கடைக்குக் கடை, வாரத்துக்கு வாரம் மாறும், உள்ளூர் உத்தரவாதமா ஏபி செட்டா (கடைக்காரரே நேராக இறக்குமதி செய்வது) என்பதாலும் மாறும். ஒன்றோடு ஒன்றை ஒப்பிட டாலரே வசதி.

சோனியின் சொந்த ஜிஎம் 2 வரிசையில் 16-35, 24-70, 70-200 (எல்லாம் மி.மீ., எண் சிறிதானால் காட்சி அகலம்) மூன்றும் சேர்ந்து சுமார் 7,400 டாலர். கேனனின் ஆர்எஃப் (அதன் மிரர்லெஸ் மவுண்ட்) எல் வரிசை மூன்று சுமார் 7,300. நிக்கானின் எஸ் வரிசை மூன்றும் 7,300 பக்கம். ஆக, உச்சியில் யாரும் மலிவில்லை, யாரும் அநியாயமும் இல்லை, மூன்று பேரும் பேசி வைத்த மாதிரி ஒரே இடத்தில் நிற்கிறார்கள். வித்தியாசமே அதற்கு ஒரு படி கீழே வரும்போதுதான் தெரிகிறது, நம்மில் பெரும்பாலோர் வாங்குவதும் அந்தப் படியில்தான்.

சோனி தன் இ மவுண்டின் தொழில்நுட்ப விவரங்களை 2011-லேயே மற்ற நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டது. அதன் பலன் இன்றைக்கு நம் பையில் தெரிகிறது. லென்ஸ் மட்டும் செய்யும் டாம்ரானின் 17-28, 28-75 ஜி2, முதல் பதிப்பு 70-180, மூன்றுமே எஃப் 2.8, மூன்றும் சேர்ந்து சுமார் 3,000 டாலர்தான். மூன்றின் எடை சேர்த்தால் 1.8 கிலோகூட வராது. இன்னொன்று, மூன்றுக்கும் ஃபில்டர் அளவு 67 மி.மீ., ஒரு போலரைசர் வாங்கினால் எல்லாவற்றிலும் மாட்டலாம். இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் நல்ல ஃபில்டர் விற்கிற விலைக்கு இது சின்ன விஷயமில்லை. டாம்ரான் வேண்டாமென்றால் சிக்மா, சாம்யாங், வில்ட்ராக்ஸ் என்று வரிசையாக இருக்கிறது, செகண்ட் ஹேண்டிலும் நிறையச் சுற்றுகிறது.

டாம்ரான் 28-75 எனக்கு ரொம்பப் பிடித்த லென்ஸ். நடுவில் எஃப் 2.8-லேயே கூர்மை, கூறைப்புடவையின் ஜரிகை இழை தனித்தனியாகத் தெரியும். 540 கிராம் என்பதால் முகூர்த்தம் முடிந்து விருந்து வரை கழுத்தில் தொங்கினாலும் தோள் வலிக்காது. குறை என்று சொன்னால் 28. கோயில் மண்டபத்தில் மணவறைக்குப் பக்கத்தில் ஐயர் ஒரு பக்கம், வீடியோக்காரர் ஒரு பக்கம், பின்னால் பெண்ணின் அத்தைமார் என்று நிற்கும்போது ஓர் அடிகூடப் பின்னால் போக முடியாது. அந்த நேரத்தில் 24-க்கும் 28-க்கும் இடையில் இருக்கும் நாலு மில்லிமீட்டர் என்பது தாய்மாமன் படத்தில் இருக்கிறாரா வெட்டுப்பட்டுப் போகிறாரா என்ற கேள்வி. அதற்காகவே சிக்மா 24-70 வாங்கியவர்களை எனக்குத் தெரியும், தப்பில்லை, ஆனால் முதல் பதிப்பு சுமார் 830 கிராம். இன்னொரு விஷயமும் இருக்கிறது. சோனியின் ஏ9, ஏ1 மாதிரி வேகமான பாடிகளில் மற்ற நிறுவன லென்ஸ் போட்டால் நொடிக்கு 15 படத்தோடு நின்றுவிடும், அந்த லென்ஸ்களுக்கு டெலிகன்வெர்ட்டரும் (இடையில் மாட்டினால் இன்னும் நெருக்கமாகக் காட்டும் கருவி) கிடையாது. கல்யாணத்துக்கு இது ஒன்றுமே இல்லை, பந்தாட்டம் எடுப்பவர் மட்டும் யோசிக்க வேண்டும்.

கேனன் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு, ஏனென்றால் பாடி அவ்வளவு நன்றாக இருக்கிறது. ஆர்6 மார்க் 2-ஐ கையில் எடுத்தாலே தெரியும், பிடிப்பு, மெனு, கண்ணைத் தேடிப் பிடிக்கும் வேகம், எல்லாமே திருப்தி. அடிமட்ட லென்ஸ்களும் மலிவு. ஆர்எஃப் 50 மி.மீ. எஃப் 1.8 வெறும் 160 கிராம், வெளிவந்தபோது 200 டாலர், முதல் லென்ஸாக அதைவிட நல்லது யாருக்கும் சொல்ல முடியாது. பிரச்சினை நடுவில். முழு ஃபிரேமுக்கு (பெரிய சென்சாருக்கு) ஆட்டோஃபோகஸோடு ஆர்எஃப் லென்ஸ் செய்ய மற்றவர்களை விடாமல் கேனன் இத்தனை வருடம் கதவை அடைத்தே வைத்திருந்தது, 2022-இல் வில்ட்ராக்ஸ் தன் ஆர்எஃப் லென்ஸ்களை நிறுத்திக்கொண்டது. 2024-இல் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும் உரிமம் கொடுத்து ஏபிஎஸ்-சி (சின்ன சென்சார்) லென்ஸ்கள் வந்தன, அது ஆர்7, ஆர்10 வைத்திருப்பவர்களுக்கு நல்ல செய்தி.

கேனன் தானே அந்த இடைவெளியை நிரப்பத் தொடங்கியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 28-70 எஃப் 2.8 எஸ்டிஎம், 1,099 டாலர், 495 கிராம், தூசி, தூறல் தாங்கும். நண்பரிடம் வாங்கி ஒரு வரவேற்பு முழுக்க அதிலேயே எடுத்தேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அகலத்துக்கு 16-28 எஃப் 2.8-ம் வந்துவிட்டது. டெலிதான் பாக்கி. அந்த விலையில் 70-200 எஃப் 2.8 இல்லாததால் எஃப் 4 எடுக்க வேண்டும், அதுவே 1,599 டாலர். எல் வரிசை அல்லாத லென்ஸ்களுக்கு ஹுட்டை (முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் வளையத்தை) பெட்டிக்குள் வைக்காமல் தனியாக விற்கிறார்களே, அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. ஆயிரம் டாலர் வாங்கிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் வளையத்துக்குத் தனிக் காசு கேட்பது நியாயமில்லை.

ஆனால் கேனனில் ஒரு வழி இருக்கிறது, இதை என் தம்பி முறையில் ஒருவனுக்குச் சொல்லி அவனும் அப்படியே செய்தான். "அண்ணே, பாடி வாங்கிட்டேன், லென்ஸுக்குக் காசில்ல" என்று வந்து நின்றான். கேனனின் பழைய டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) லென்ஸை மாட்ட உதவும் ஈஎஃப் அடாப்டர் ஒன்று எடுத்து, செகண்ட் ஹேண்டில் பழைய ஈஎஃப் 70-200 எஃப் 2.8 மார்க் 2 வாங்கச் சொன்னேன். 2010-இல் வந்த லென்ஸ், ஒன்றரைக் கிலோ, கனம்தான். ஆனால் மிரர்லெஸ் பாடியில் ஃபோகஸ் பழைய டிஎஸ்எல்ஆரில் இருந்ததைவிட நன்றாகவே வேலை செய்கிறது, டிஎஸ்எல்ஆரை விட்டு எல்லாரும் மாறிவிட்டதால் விலையும் நன்றாக இறங்கியிருக்கிறது. எடை தூக்கத் தெம்பு இருந்தால் கோலாலம்பூரில் கேனன்காரருக்கு இதைவிட நல்ல பேரம் எனக்குத் தெரியவில்லை.

நிக்கானைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை, எனக்கு அது புரியவில்லை. இசட் மவுண்டின் வாய் 55 மி.மீ., சென்சாருக்கும் மவுண்டுக்கும் இடையில் 16 மி.மீ.தான், லென்ஸ் வடிவமைப்பவருக்கு நிறைய இடம் கொடுக்கும் அமைப்பு. அதன் பலன் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்-இல் தெரியும், மூலைவரை கூர்மை. ஆனால் 415 கிராம், வெளிவந்தபோது 600 டாலர், கேனன் ஐம்பதைப் போல மூன்று மடங்கு. காசு குறைவு என்றால் 40 மி.மீ. எஃப் 2 இருக்கிறது, 170 கிராம், அதுவே போதும்.

எஃப் 2.8 ஜூமில் நிக்கான் நடுப்படியை அழகாகக் கட்டியிருக்கிறது. 17-28, 28-75, 70-180, மூன்றும் சேர்ந்து சுமார் 3,650 டாலர். இந்த 28-75-க்குள் 12 குழுவில் 15 கண்ணாடி, ஃபில்டர் 67 மி.மீ., டாம்ரானின் முதல் 28-75-க்கும் அதே கணக்குதான், இரண்டுக்கும் உள்ள உறவு பார்த்தவுடனே புரிந்துவிடும். சோனி பாதையைவிட 650 டாலர் அதிகம், ஆனால் நிக்கான் பெயரிலேயே, நிக்கான் சர்வீஸோடு. கல்யாண வேலைக்கு ஒரே லென்ஸோடு போக நினைப்பவருக்கு டாம்ரான் 35-150 எஃப் 2-2.8 இசட் மவுண்டிலும் 2023-இல் வந்துவிட்டது, 1.1 கிலோவுக்கு மேல், கை வலிக்கும், ஆனால் லென்ஸ் மாற்றும் வேலையே இல்லை. எச்சரிக்கை ஒன்று: அப்பா காலத்து ஏஎஃப்-டி லென்ஸ் (நிக்கானின் பழைய வகை) வீட்டில் இருக்கிறது என்ற தைரியத்தில் நிக்கான் வாங்காதீர்கள், அதை மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஃபோகஸ் மோட்டார் இல்லை, கையால்தான் ஃபோகஸ் பண்ண வேண்டும்.

ஃபூஜி வேறு கணக்கு. சென்சாரே சின்னது, அதனால் லென்ஸும் சின்னது, ஆனால் ஃபூஜியின் சொந்த நல்ல லென்ஸ்கள் முழு ஃபிரேம் விலைக்கே வந்துவிட்டன. 16-55 எஃப் 2.8 மார்க் 2 1,199 டாலர். அதன் பக்கத்தில் சிக்மா 18-50 எஃப் 2.8-ஐ வைத்துப் பாருங்கள், 549 டாலர், 300 கிராம்கூட இல்லை. எக்ஸ்-டி5-இல் அதைப் போட்டு மஸ்ஜித் இந்தியா பக்கம் தீபாவளி நேரத்தில் நடந்தேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, பூக்கடைக்காரம்மா தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்தார், படங்களைத் திருத்தாமல் அப்படியே வீட்டில் காட்டலாம், அவ்வளவு நல்ல நிறம். தெருவுக்கும் பயணத்துக்கும் ஃபூஜிதான் என் தேர்வு. இரவுக் கோயிலுக்கு இல்லை. அதே எஃப் 2.8-இல் முழு ஃபிரேமைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் (ஐஎஸ்ஓவை இரட்டிப்பாக்கினது போல) புள்ளி கூடுதலாகத் தெரியும், அதை ஈடுகட்ட எஃப் 1.4 பிரைம் (ஜூம் ஆகாத லென்ஸ்) வாங்கப் போனால் மிச்சம் பிடித்த காசு திரும்ப வெளியே போய்விடும்.

இன்னும் சின்ன சென்சார் வைத்த மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் பற்றி ஒரு வரி. ஃபிரேசர் மலையில் பறவை எடுப்பவர்களுக்கு அது இன்னும் நல்ல கணக்கு, 300 மி.மீ. லென்ஸ் 600 மாதிரி நெருக்கமாகக் காட்டும், தோளும் பிழைக்கும்.

இனி வாங்கும் இடம். புது பாடிக்கு எங்கே வேண்டுமானாலும் போங்கள், செகண்ட் ஹேண்ட் லென்ஸுக்கு புடு பிளாசாவில் ஒரு மாலை சுற்றுங்கள், கையில் எடுத்துப் பார்க்க விடுவார்கள், உங்கள் பாடியைக் கொண்டுபோய் மாட்டியும் பார்க்கலாம். போன் டார்ச்சை லென்ஸின் பின்பக்கம் அடித்து, முன்பக்கமிருந்து சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை ஓடினால் அது பூஞ்சை, கீழே வைத்துவிட்டு நன்றி சொல்லிக் கிளம்புங்கள். இந்த ஊர் ஈரத்தில் இது சர்வசாதாரணம். வேறொரு இடத்தில் எனக்கு "புத்தம் புதுசு மாதிரி" என்று காட்டிய ஒரு 85 மி.மீ.-இல் பின் கண்ணாடி முழுக்க இழை ஓடியிருந்தது, டார்ச் அடிக்கும்வரை எதுவுமே தெரியவில்லை. மவுண்டின் திருகுகளையும் பாருங்கள், தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள்.

ஏபி செட் மலிவுதான், ஆனால் உத்தரவாதம் விற்ற கடையோடு முடிந்துவிடும். பிரைம் லென்ஸுக்கு அதை நான் ஏற்பேன், உள்ளே நகரும் பாகம் குறைவு. ஸ்டெபிலைசர் (கை நடுக்கத்தைச் சமாளிக்கும் பாகம்) உள்ள டெலி ஜூமுக்கு உள்ளூர் உத்தரவாதம் வாங்குவதே நல்லது.

அப்புறம் டிரை கேபினட், அதாவது ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி. எந்த சிஸ்டம் எடுத்தாலும் அதன் விலையை லென்ஸ் பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள், மூன்று லென்ஸும் ஒரு பாடியும் வைக்கச் சின்னதே போதும், ஈரப்பதத்தை 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். அதற்கும் கீழே இறக்கினால் ரப்பரும் கிரீஸும் காயத் தொடங்கும்.